சீல் புதுசு, கசிவு பழசு

தென்காசி வட்டாரத்து லேத் பட்டறைகளுக்கு வந்து சேரும் வேலைகளைப் பட்டியல் போட்டால் அந்த மண்ணின் பிழைப்பு முழுவதும் அதில் வந்துவிடும். செங்கோட்டைப் பக்கத்து மர அறுவை மில்லின் ஷாஃப்ட், சங்கரன்கோவில், புளியங்குடி விசைத்தறிகளின் உருளைகள், பாவூர்சத்திரத்துத் தோட்டக் கிணற்றின் பம்ப் ஷாஃப்ட், அரிசி ஆலையில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோன தண்டு, டிராக்டர் கியர் பெட்டியிலிருந்து கழற்றிய இன்னொரு தண்டு. புதிய பொருள் செய்வதைவிடப் பழையதை மீட்டுக் கொடுப்பதே இங்கே பெரும்பகுதி வேலை. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கட்டி, பழைய அளவுக்கே கடைந்து கொடுக்கிறார்கள்.

அப்படிக் கடைந்த ஷாஃப்டை மாட்டிய பிறகு, சில சமயம் ஒரு புதிர் எழும். மைக்ரோமீட்டரில் அளவு சரியாக இருக்கிறது. ஆயில் சீல் புதிது, பேரிங்கும் புதிது. ஆனாலும் சில நாட்களில் சீல் ஓரமாக எண்ணெய் கசியத் தொடங்கிவிடுகிறது. "சீல் டூப்ளிகேட்" என்று திட்டிவிட்டு இன்னொன்றை வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் கசிகிறது. குற்றவாளி பெரும்பாலும் சீல் அல்ல. அந்த சீலின் ரப்பர் உதடு உரசிக்கொண்டிருக்கும் ஷாஃப்டின் மேற்பரப்பு. அளவு சரியாக இருப்பது வேறு, பரப்பு சரியாக இருப்பது வேறு. இரண்டாவதை மைக்ரோமீட்டர் காட்டிக்கொடுக்காது.

லேத்தில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் விஷயம் புலப்படும். ஜாப் (கடையப்படும் பொருள்) சுற்றுகிறது. அது ஒரு சுற்று சுற்றுவதற்குள் பிட் எனும் வெட்டும் கருவி சிறிது தூரம் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த நகர்வுதான் ஃபீட். சுற்றும் உருளையின் மேல் பக்கவாட்டில் நகரும் முனை எதை வரையும்? மரையைத்தான். லேத்தில் கடைந்த எந்த உருளையும் உண்மையில் மிக நுண்ணிய மரை போட்ட கம்பிதான். பட்டறை வெளிச்சத்தில் வெள்ளி போல மின்னும் ஷாஃப்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக அந்த மரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுவது தெரியும். ஷாஃப்ட் சுழலும்போது சீலின் உதட்டுக்கு அடியில் இந்த மரை எண்ணெயை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளும் திசை உள்நோக்கி அமைந்துவிட்டால் தப்பித்தோம். வெளிநோக்கி அமைந்தால், ஷாஃப்டே ஒரு சின்ன பம்ப் ஆகி எண்ணெயை வெளியே இறைத்துவிடும். ஒரு பக்கமாகச் சுற்றும்போது கசியாத ஷாஃப்ட், மறுபக்கமாகச் சுற்றும்போது கசிவதன் காரணமும் இதுவே.

இந்த மரையின் ஆழத்தைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம் என்பதுதான் இதில் இனிமையான சங்கதி. பிட்டின் முனை கூர்மையான புள்ளியாக இருப்பதில்லை. சிறு வட்டத்தின் வில்லாக உருட்டப்பட்டிருக்கும். அந்த வட்டத்தின் ஆரத்தை எட்டால் பெருக்கி, ஃபீடின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் கிடைக்கும். முனை ஆரம் 0.4 மி.மீ., ஃபீட் சுற்றுக்கு 0.2 மி.மீ. என்றால் அந்த உயரம் 12.5 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஃபீடை 0.1 ஆகக் குறைத்தால் 12.5 மைக்ரான், பாதியாக அல்ல, நாலில் ஒரு பங்காக, ஏறக்குறைய 3 மைக்ரானாக இறங்குகிறது. ஃபீடைத் தொடாமல் முனை ஆரத்தை மட்டும் 0.8 ஆக்கினால் 6.25 மைக்ரான்.

பொறியியல் வரைபடங்களில் இந்த முழு உயரத்துக்குப் பதிலாக 'ஆர்.ஏ.' என்ற சராசரி மதிப்பைக் குறிப்பிடுவார்கள். நடுக்கோட்டிலிருந்து பரப்பு மேலும் கீழுமாகச் சராசரியாக எவ்வளவு விலகுகிறது என்பதே அது. கடைந்த பரப்பில் அது முழு உயரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஆக, முதல் கணக்கில் ஆர்.ஏ. 3.1 மைக்ரான், ஃபீடைப் பாதியாக்கிய பிறகு 0.8. ஆயில் சீல் உட்காரும் இடத்துக்குத் தர விதிகள் கேட்பது 0.2 முதல் 0.8 மைக்ரான் வரை. அதற்கு மேல் போனால் ரப்பர் தேயும். 0.2-க்குக் கீழே இறங்குவதும் ஆகாது. எண்ணெய்ப் படலம் தங்குவதற்கு இடமில்லாமல் சீல் காய்ந்து கருகும்.

கணக்கு இத்தனை எளிது என்றால், ஃபீடைக் குறைத்த பிறகும் பல ஷாஃப்ட்கள் ஏன் சொரசொரப்பாகவே வருகின்றன? கணக்கில் பிட் சுத்தமாக வெட்டுகிறது. பட்டறையில் அது எப்போதும் அப்படி வெட்டுவதில்லை. மைல்டு ஸ்டீல் மிருதுவானது, இழுபடும் குணம் கொண்டது. பிட்டின் விளிம்பில் ஏற்படும் அழுத்தத்தில் அந்த இரும்பின் துணுக்கு முனையிலேயே பற்றவைத்தாற்போல ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் இன்னொரு துணுக்கு, அதன்மேல் இன்னொன்று. சிறிது நேரத்தில் வெட்டுவது பிட் அல்ல, பிட்டின் மேல் வளர்ந்த இரும்புக் கட்டி. குற்றாலச் சீசனில் பலாப்பழம் அறுப்பவர் கத்தியில் எண்ணெய் தடவாமல் இறங்கினால் என்ன ஆகும்? பால் ஒட்டி, அதன்மேல் சதை ஒட்டி, நாலாவது சுளைக்குள் கத்தி அறுக்காமல் கிழிக்கத் தொடங்கும். லேத்தில் இதைவிடக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. வளர்ந்த கட்டி நிலையாக நிற்பதில்லை. நொடிக்குப் பலமுறை உடைகிறது. உடைந்ததில் ஒரு பகுதி சுருளோடு போகும். மறு பகுதி ஜாப்பின் மேலேயே அப்பிக்கொள்ளும். விரலால் தடவினால் உணரக்கூடிய அந்தச் சொரசொரப்பு பெரும்பாலும் இந்த அப்பல்தான்.

இது எப்போது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது வெட்டு வேகம். ஜாப்பின் விட்டத்தை நிமிடச் சுற்றாலும் 3.14-ஆலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், பிட்டைக் கடந்து நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் இரும்பு ஓடுகிறது என்பது கிடைக்கும். 25 மி.மீ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றினால் 31 மீட்டர். மைல்டு ஸ்டீலில் கட்டி செழித்து வளர்வதற்கு ஏற்ற வேகம் இதுதான். நிமிடத்துக்கு நூறு மீட்டரைத் தாண்டும்போது வெப்பம் கூடி, ஒட்டிய துணுக்கு இளகி, கட்டி நிற்க முடியாமல் மறைகிறது. பரப்பு திடீரென்று தெளிகிறது. கார்பைடு டிப் அந்த வேகத்துக்காகவே பிறந்தது. ஆனால் 25 மி.மீ. ஷாஃப்டில் 120 மீட்டர் வேகம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் வேண்டும். பெல்ட்டில் ஓடும் பழைய லேத்துகள் பலவற்றின் உச்ச வேகம் ஆயிரத்தையே எட்டாது. கார்பைடு வாங்கியும் ஃபினிஷ் வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இதற்குச் சாட்சி ஒவ்வொரு பட்டறையிலும் கிடக்கிறது. 100 மி.மீ. ஃபிளாஞ்ச் ஒன்றை 400 சுற்றில் ஃபேசிங் எடுத்து, அதாவது முகப்பைக் கடைந்த பிறகு அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். வெளி விளிம்பு பளிச்சென்று இருக்கும். நடுவை நெருங்க நெருங்க மங்கலான ஒரு வளையம் தென்படும். பிட் அதேதான், ஃபீடும் அதேதான். மாறியது வேகம் மட்டும்: விளிம்பில் நிமிடத்துக்கு 125 மீட்டராக இருந்தது, 20 மி.மீ. விட்டத்துக்கு வரும்போது 25 மீட்டராகச் சரிந்துவிட்டது. சி.என்.சி. லேத் இந்தச் சரிவை உணர்ந்து, பிட் நடுவை நோக்கிப் போகப் போகச் சுற்றைத் தானே கூட்டிக்கொள்ளும். கையால் ஓட்டும் லேத்தில் டர்னர்தான் இடையில் நிறுத்தி வேகத்தை மாற்ற வேண்டும்.

வேகம் ஏற வழியில்லாத லேத்தில் எதிர்த்திசையில் போகலாம். ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டைச் சாணை பிடித்து, மேல்முகத்தில் நல்ல சரிவு கொடுத்து, எண்ணெய்க் கல்லில் விளிம்பைத் தீட்டி, வேகத்தை நிமிடத்துக்குப் பத்து மீட்டர் அளவுக்கு இறக்கி, வெட்டும் இடத்தில் கட்டிங் ஆயிலைத் தாராளமாக விட வேண்டும். கந்தகம் சேர்த்த கட்டிங் ஆயில் இங்கே வெறும் வழுக்கல் தருவதோடு நிற்பதில்லை. அப்போதுதான் வெட்டப்பட்ட புத்தம்புது இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாகி, பிட்டும் இரும்பும் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. தண்ணீரில் கலக்கும் வெள்ளைக் கூலண்டின் முதல் வேலை குளிர்விப்பது. இரண்டுக்கும் இடம் வேறு, வேலை வேறு.

குளிர்விப்பதன் பலனை முதலில் எண்ணிக்கையாகக் காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர். 1880 வாக்கில் தொடங்கி 26 ஆண்டுகள் லேத்தில் இரும்பை வெட்டி வெட்டிச் சோதித்தார். எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பும் எஃகும் அந்தச் சோதனைகளில் சுருளாகிப் போயின. வெட்டும் இடத்தில் தண்ணீரைப் பெருக்காக விட்டால் வேகத்தை 40 சதவீதம் கூட்டலாம் என்று அவர் கண்டார். இன்று உலகமெங்கும் டர்னர்கள் சாணை பிடிக்கும் ஹெச்.எஸ்.எஸ். பிட்டும் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் பெத்லகேம் எஃகு ஆலையில் செய்த ஆய்வின் குழந்தைதான். 1900 பாரிஸ் கண்காட்சியில் அது ஐரோப்பியரை வியக்கவைத்தது.

ஃபினிஷ் வேண்டும் என்பதற்காகக் கடைசி வெட்டை மிக மெல்லியதாக எடுப்பது பலருடைய பழக்கம். அது சில சமயம் நேர்மாறான பலன் தரும். எவ்வளவு தீட்டினாலும் பிட்டின் விளிம்புக்கு ஒரு சிறு மழுக்கம் உண்டு. கார்பைடு இன்சர்ட்டில் அந்த மழுக்கம் வேண்டுமென்றே வைக்கப்படுவது. எடுக்கும் இரும்பின் தடிமன் அந்த மழுக்கத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் பிட் வெட்டாது, தேய்த்துக்கொண்டே போகும். இரும்பு நசுங்கி இறுகும், பிட் சூடேறும், பரப்பில் மங்கல் தட்டும். ஆகவே கார்பைடில் கடைசி வெட்டுக்குப் போதிய இரும்பை, ஏறக்குறைய முனை ஆரத்தின் அளவுக்காவது, மிச்சம் வைக்க வேண்டும். கல்லில் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். பிட்டானால் அதைவிட மெல்லிய வெட்டையும் சுத்தமாக எடுத்துவிடும்.

பிறகு அதிர்வு. டர்னர்களின் காது அதைக் கண்ணுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும்: கீச்சென்ற ஒரு சத்தம், ஷாஃப்டின் மேல் வரிவரியான தழும்பு. அதிர்வு தானாகவே தன்னை வளர்த்துக்கொள்வதுதான் இதில் விபரீதம். ஒரு சுற்றில் பிட் துள்ளியதால் பரப்பில் அலை பதிகிறது. அடுத்த சுற்றில் பிட் அந்த அலையின் மேல் ஏறி இறங்கும்போது வெட்டுவிசை கூடிக் குறைகிறது. அதனால் மேலும் துள்ளுகிறது. 1950-களில் செக்கோஸ்லோவாகியாவில் டிலஸ்டியும் பிரிட்டனில் டோபியாஸும் இதன் கணிதத்தைத் தனித்தனியே வகுத்தார்கள். முந்தைய சுற்றின் அலையும் இந்தச் சுற்றின் துள்ளலும் எப்படிப் பொருந்துகின்றன என்பது சுற்று வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பார்த்ததும் கீச்சொலி சட்டென்று அடங்குகிறது.

மற்றொரு மருந்து விறைப்பு. ஒரு முனையில் மட்டும் பிடித்திருக்கும் கம்பி வளையும் அளவு, அதன் நீளத்தின் முப்படியைப் பொறுத்தது. டூல் போஸ்ட்டிலிருந்து பிட் துருத்திக்கொண்டிருக்கும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டு மடங்கு. ஷாஃப்டின் விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. விட்டத்தைப்போல் மூன்று நான்கு மடங்குக்கு மேல் ஜாப் சக்கிலிருந்து நீண்டால் டெயில்ஸ்டாக் சென்டர் கொடுத்தாக வேண்டும். பத்து மடங்கைத் தாண்டினால் நடுவில் தாங்கிப் பிடிக்க ஸ்டெடியும் வேண்டும். கிராஸ் ஸ்லைடின் கிப் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். பிட்டின் முனை சென்டர் உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எதற்கும் காசு செலவில்லை.

முனை ஆரத்தைப் பெரிதாக்கினால் மரையின் ஆழம் குறையும் என்று முன்னால் கணக்குச் சொன்னது. ஆனால் ஆரம் பெரிதாகும்போது ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் கூடுகிறது. தடித்த குட்டை ஜாப்பில் அது பொருட்டல்ல. நீண்ட மெலிந்த பம்ப் ஷாஃப்டில் அதுவே அதிர்வைக் கிளப்பிவிடும். அங்கே 0.4 ஆரமும் குறைந்த ஃபீடும் 0.8 ஆரத்தை வென்றுவிடும்.

பழுதுபார்ப்பு வேலையில் வெல்டிங் தனிப் பிரச்சினை. இ.என்.8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகில், வைத்த வெல்டின் மேல் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் கண்ணாடிபோல் கடினமாகி, பிட்டின் முனையைப் பெயர்த்துவிடும். வெல்டை மெதுவாக ஆறவிட்டாலே பரப்பு பாதி சீராகிவிடும். வெல்ட் வைக்காத இ.என்.8 மைல்டு ஸ்டீலைவிட நல்ல ஃபினிஷ் கொடுக்கும். இழுபடாமல் அறுபடுகிற குணமே காரணம்.

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கம் போனால் வாகைக்குளத்துக் கடைசல்காரர்களின் மரச் சொப்புச் சாமான்களைப் பார்க்கலாம். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தின் நுண்துளைகளை நிரப்பிப் பளபளக்கிறது. மரத்தில் பள்ளத்தை நிரப்ப முடிகிறது. எஃகு ஷாஃப்டின் நுண்ணிய பள்ளங்களை அப்படி நிரப்ப வழியில்லை. மேட்டைக் குறைக்க மட்டுமே முடியும். எமரி பேப்பர் செய்வது அதைத்தான். ஆழமான மரையின் மேல் எமரி போட்டால் மேடுகளின் உச்சி மழுங்கி மின்னும். பள்ளங்கள் அப்படியே இருக்கும். பள்ளம் போகும்வரை தேய்த்தால் அளவு போய்விடும், வட்டமும் கெடும். எமரியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனால் அது தன் பங்குக்குப் புதிய சாய்கோடுகளையும் போடும். சீல் உட்காரும் இடத்தில் எமரிப் பட்டையை நகர்த்தாமல் ஒரே இடத்தில் பிடித்து, மெல்லியதாகத் தொட்டு எடுப்பதே முறை. அப்போது விழும் கோடுகள் மரையாக ஓடாமல் வளையங்களாக நிற்கும். பெரிய தொழிற்சாலைகளில் அந்த இடத்தைக் கிரைண்டிங் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளிறக்கி முடிப்பதும் இதற்காகவே.

பரப்பை எண்ணால் அளக்கும் கருவி வந்து நூறாண்டுகூட ஆகவில்லை. 1933-இல் அமெரிக்காவில் அபட்டும் ஃபயர்ஸ்டோனும் ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். 1941-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டெய்லர் ஹாப்சன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ரீசன் 'டாலிசர்ஃப்' கருவியை உருவாக்கினார். சில மைக்ரான் ஆரமுள்ள வைர முனை பரப்பின் மேல் ஊர்ந்து, மேடுபள்ளத்தைப் பெரிதாக்கிக் கோடாக வரைந்து காட்டும். இன்று அது கையடக்கப் பெட்டியாகிவிட்டது. அதுவும் இல்லாத பட்டறைக்கு, வெவ்வேறு ஆர்.ஏ. மதிப்பில் செய்த ஒப்பீட்டுத் தகடுகள் இருக்கின்றன. நகத்தால் தகட்டையும் ஷாஃப்டையும் மாறி மாறிக் கீறிப் பார்த்தே ஓரளவு மட்டிட்டுவிடலாம்.

தென்காசிக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஜூனில் தொடங்கும் சாரல் குற்றாலத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவருகிறது. பட்டறைக்கு ஈரத்தைக் கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது எஃகு துருப்பிடிக்கும் வேகம் எகிறுகிறது. இப்போதுதான் கடைந்த பரப்பில் எந்தக் காப்பும் இல்லை. சொரசொரப்பான பள்ளங்கள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெறும் கையால் தூக்கிய ஷாஃப்டில் வியர்வையின் உப்பு விரல் ரேகையாகத் துருவேறிப் பதிவதும் உண்டு. கடைந்து முடித்த கையோடு கூலண்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைத்தால்தான் சம்பாதித்த 0.8 மைக்ரான் மறுநாளும் 0.8 மைக்ரானாக இருக்கும்.

கசிவுப் புதிரை விடுவிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஆயில் சீல் தொழிலில் வழங்கும் இந்த முறைக்கு வேண்டியது தையல் நூலும் சிறு எடையும் மட்டுமே. ஷாஃப்டை மட்டமாக லேத்தில் கட்டி, சீல் உட்காரும் இடத்தில் மெல்லியதாக எண்ணெய் தடவ வேண்டும். நூலின் ஒரு நுனியை நிலையாகக் கட்டி, ஷாஃப்டின் மேல் பாதிச் சுற்றுக்குச் சற்று அதிகமாக வளைத்துப் போட்டு, மறுநுனியில் 30 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். பிறகு நிமிடத்துக்கு 60 சுற்று. நூல் இருந்த இடத்திலேயே இருந்தால் பரப்பில் மரை இல்லை. நூல் ஒரு பக்கமாக ஊர்ந்து, சுற்றும் திசையை மாற்றியதும் எதிர்ப்பக்கமாக ஊர்ந்தால் மரை உறுதி. எண்ணெயும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு திசையிலும் ஒரே பக்கமாக ஊர்ந்தால் ஷாஃப்ட் மட்டமாக இல்லை அல்லது அந்த இடம் கூம்பாகக் கடையப்பட்டிருக்கிறது.

ஷாஃப்டைக் கொடுக்க வருபவர்கள் பொதுவாக "பேரிங் டைட்டா உக்காரணும்" என்று அளவை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சீல் எந்த இடத்தில் உட்காரும், ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றும், அந்த இடத்தில் 0.8 மைக்ரானுக்குள் ஃபினிஷ் வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் சாக்பீஸால் ஷாஃப்டின் மேலேயே எழுதிக் கொடுக்கலாம். பட்டறையும் வேலையைத் திருப்பித் தருவதற்கு முன் நூலைப் போட்டுக் காட்டலாம். அதற்கு இருவருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். கழற்றி மாட்டும் கூலியும் இன்னொரு சீலின் விலையும் மிச்சம்.